படிவத்தின் பின்பக்கம்

மகளுக்கு,

நீ என் கையெழுத்துக்காக வைத்துவிட்டுப் போன முதியோர் இல்ல விண்ணப்பத்தின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இனி அதை யாரிடமும் கொடுக்க முடியாது.

காலையிலிருந்து குசினித் தரையில் இருக்கிறேன். பயிற்சி.

போன மாதம் "இன்னொருக்கா விழுந்தா முதியோர் ஹைம்தான், அப்பா" என்றாய். "விழேல்லைப் பிள்ளை, உருண்டனான்" என்றேன். நீ சிரித்தாய்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் பக்கத்து அறையில் இருந்த ஷாவோலின் துறவி முற்றத்தில் அப்படித்தான் உருண்டு எழும்புவார். பாட்டனிடமிருந்து தகப்பனுக்கும் தகப்பனிடமிருந்து அவருக்கும் வந்த வித்தை. எனக்கு அவர் ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. எட்டு மாதம் ஜன்னலால் பார்த்து நானே பழகினேன். மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் அகதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் அதை மடித்துத் தலையணையில் வைத்துவிட்டு, ஒரு பையோடு நடந்து போனார். நான் இருந்தேன். நீ கைக்குழந்தை.

இன்றும் உருண்டது சரியாகத்தான் வந்தது. எழும்பத்தான் இடது கால் சொல்வழி கேட்கவில்லை.

கழுத்தில் நீ மாட்டிவிட்ட சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஆட்கள் வந்து தூக்குவார்கள். அடுத்த கிழமையே நீ என்னை அங்கே கொண்டுபோய் விடுவாய். அதனால் மத்தியானம் வரை அதைத் தொடவில்லை.

யாராவது உன்னிடம் கேட்டால், அப்பா உருண்டவர் என்றே சொல்ல வேண்டும்.

பொத்தானை இப்போதுதான் அழுத்தினேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட ஒரு ஆள் வேண்டும். வேறு காரணம் இல்லை.

அப்பா