ஜன்னலில் வைத்த மூன்று புட்டிகள்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே குளிருக்கு மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். சித்திக்கு முழங்கால் வலி தேவலை. வீட்டு மோட்டார் போன வாரம் நின்றுபோனது, ரிப்பேர்காரர் இரண்டு நாள் பார்த்துக் கைவிட்டதை நான் ஒரு மணி நேரத்தில் ஓட வைத்தேன். இந்த வரியைப் படித்துக் காட்டியதும் சித்தி, கழண்ட பிளக்கைச் சொருகினதுக்குப் பேரு ரிப்பேரா, அவளுக்காவது உள்ளதை எழுதுங்க என்றாள். சரி, பிளக்தான். உள்ளதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் என் வாய் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது.

உன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நீ எழுதி வைத்திருப்பதைப் பத்திரிகைக்கு அனுப்பாதே. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் கலந்து நீ செய்த அந்த வெள்ளித் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. கெடுத்தவன் நான். இதை உன் பேராசிரியர் உனக்குச் சொல்லியும், எனக்காகச் சித்தப்பா பழியை ஏத்துக்கிறாரா என்று நீ சித்தியிடம் கேட்டாயாம். உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன், என் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நீ. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கூட்டாமல்.

நீ அங்கே கிளம்பும்போது இங்கே கல்லூரி ஆய்வகத்து அலமாரியில் அந்தத் தண்ணீரை ஆறு புட்டிகளில் ஊற்றிக் கறுப்புத் தாள் சுற்றி எண் போட்டு வைத்தாய். அதற்கு முன்பே இருட்டில் ஆறு மாதம் அதன் மஞ்சள் நிறம் மாறாததைப் பார்த்துத்தான் கட்டுரை எழுதினாய், ஒரு வருஷமும் தாங்குகிறதா என்று பேராசிரியர் திறந்து பார்ப்பது என்று ஏற்பாடு. ஆய்வக உதவியாளன் என்று சாவியை என்னிடம் கொடுத்து, யாரையும் தொட விடாதீங்க சித்தப்பா என்றாய். யாரையும் விடவில்லை. என்னை மட்டும் விட்டேன். எடைக்கருவி சரிபார்க்க வந்தவர், மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர்கள் என்று யார் வந்தாலும் முன்வரிசையில் இருந்த மூன்று புட்டிகளை எடுத்துத் தாளை உருவித் தெற்கு ஜன்னலில் வைத்துவிடுவேன். வெயில் பட்டால் தேன் மாதிரி நிற்கும். எங்க அண்ணன் பொண்ணு செஞ்சது, இதுல இருக்கற வெள்ளிய வச்சு ஒரு கப்பலுக்கே முலாம் பூசலாம் என்பேன். கப்பல் எங்கண்ணே நிக்குது, ஒயரிங் வேலைய எனக்கு வாங்கிக் குடுங்க என்று எலக்ட்ரீஷியன் சிரித்தான். வந்தவர் போன பிறகும் எனக்கே பார்க்க ஆசையாக இருக்கும், சில வாரம் நாள்கணக்கில் ஜன்னலிலேயே விட்டிருக்கிறேன். பின்வரிசை மூன்றையும் தொட்டதில்லை, அவற்றுக்கு முன்னால் பழைய எடைக்கருவி ஒன்று கனமாக உட்கார்ந்திருந்தது. மஞ்சளில் பச்சை ஓடத் தொடங்கியபோது எனக்குப் பயம் வரவில்லை. உன் மருந்து பக்குவமாகிறது என்று நினைத்து அதையும் சேர்த்துப் பெருமை பேசினேன். முழுசாக நீலமான அன்றுதான் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. தாளைச் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

பேராசிரியர் திறந்த அன்று நான்தான் தட்டைப் பிடித்திருந்தேன். மூன்று நீலம், மூன்று மஞ்சள். பாதி தாங்குது பாதி தாங்கல, அப்ப முறையே நம்ப முடியாதது என்றார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் தட்டைக் கழுவி வைத்தேன். நாற்பது நாள் நீ அங்கே எல்லாவற்றையும் மறுபடி மறுபடி செய்து பார்த்ததும், தூக்கமில்லை என்று எழுதியதும் எனக்குத் தெரியும். கடைசியில், தப்பு என்னுடையதுதான், திரும்பப் பெறுகிறேன் என்று நீ எழுதியதை அவர் வாசித்துக் காட்டினார். அங்கேயே, கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. என்னய்யா, பொண்ணைக் காப்பாத்தக் கதை கட்டறியா, மந்திரி வந்து உன் கையால டீ வாங்கிக் குடிச்சாருன்னு சொன்ன ஆளுதானே நீ என்றார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டடத்தில் நான் சேர்த்து வைத்த பெயர் அவ்வளவுதான்.

அப்புறம் நான் ஒன்று கேட்டேன். மஞ்சளாகவே நின்ற நான்காம் புட்டியை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தாள் சுற்றியும் ஒன்றைச் சுற்றாமலும் அதே ஜன்னலில் வையுங்கள், மூடிக்கு மேல் நீங்களே சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள், நான் கிட்டே வரமாட்டேன் என்றேன். வைப்பதற்கு முன்பே ஒரு தாளில், முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது, அப்புறம் பச்சை ஓடும், அதற்கப்புறம் நீலம் என்று எழுதி மடித்து அவர் மேஜையில் வைத்தேன். இரண்டு நாள் மேகமூட்டம். உண்மையைச் சொல்லியும் பொய்யனாகிவிடுவேனோ என்று சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பச்சை. பத்தாம் நாள் நீலம். தாள் சுற்றியது அப்படியே மஞ்சள். பேராசிரியர் என் தாளைப் பிரித்து இரண்டு புட்டிக்கும் பக்கத்தில் வைத்துப் படித்தார். எட்டாவது படிச்சவனுக்கு இது கண்ணால பாக்காம தெரிஞ்சிருக்க வழியில்ல என்றார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார், வெளிச்சம் வெள்ளித் துகள் மேல் விழும்போது அதைப் போர்த்தியிருக்கிற சிட்ரேட் என்ற உப்பு வேலை செய்யத் தொடங்குகிறதாம், தண்ணீரில் கரைந்திருக்கிற வெள்ளியும் துகள் மேலேயே வந்து படிகிறதாம், உருண்டையாக இருந்தவை தட்டையான முக்கோணமாகிவிடுகின்றனவாம், நீலம் அதனால்தானாம். இருட்டில் இது நடக்காது. மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டேன், இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

சாவியை வாங்கிக்கொண்டார். திங்கள் முதல் எனக்குச் சாமான் கிடங்கில் வேலை, அது நியாயம்தான். நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நினைவில்லாத தேதிக்கு நேரே நினைவில்லை என்றே எழுதியிருக்கிறேன். சித்தி இரண்டு நாள் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள், பிள்ளை நாப்பது நாளா தன்னையே தின்னுட்டுக் கிடந்திருக்கு, நீங்க எதிர்ல உக்காந்து சோறு தின்னீங்களே என்றாள். உண்மைதான், தின்றேன். உன் அப்பா இருந்திருந்தால் அவர் முகத்தில் விழித்திருக்க மாட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறாதே. அடுத்து எழுதும்போது, முதல் மூன்று புட்டிகளையும் உதவியாளர் ஒருவர் வெயிலில் வைத்தார் என்று எழுது. அந்த உதவியாளர் என் சித்தப்பா என்றும் எழுது, எனக்காக மறைக்காதே. என்னை மன்னிப்பதை உன் சௌகரியம்போல் பார்த்துக்கொள், அதற்கு அவசரமில்லை. ஆனால் உன் கைமேல் உனக்குச் சந்தேகம் வேண்டாம், அது இன்றோடு போகட்டும். வேளைக்குச் சாப்பிடு, தூங்கு, ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கூப்பிடு. ஐந்தும் ஆறும் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கின்றன, நான் போய்ப் பார்க்கவில்லை, பேராசிரியர் சொன்னார். நீ நூறு வருஷம் நன்றாக இரு.

இப்படிக்கு,
அந்த மூன்றையும் ஜன்னலில் வைத்த உன் சித்தப்பா