ஆலங்கட்டி தொடாத ஆறு ஆப்பிள்கள்

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். எனக்குச் சாதகமாக எதையும் விடவும் மாட்டேன்.

வரும் ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் நன்றி நாள். ஒவ்வொரு வீடும் விளைச்சலில் சிறந்ததைக் கூடையில் எடுத்துவந்து பிரசங்க மேடைக்கு முன்னால் உள்ள மேஜையில் வைக்கும். மேஜையை அடுக்கி, கூடைகளுக்கு வீட்டுப்பெயர் அட்டை எழுதுவது இந்த வருடம் என் பொறுப்பு. என் கையெழுத்துக்காகக் கொடுத்தார்கள். பெருமைப்படக் கூடாது. கொஞ்சம் பட்டேன்.

ஆனால் எங்கள் கூடையில் எதை வைப்பது? ஜூலையில் பத்தே நிமிடம் பெய்த ஆலங்கட்டி மழை மலையில் எங்கள் பக்கச் சரிவை மட்டும் அடித்துவிட்டுப் போனது. எங்கள் தோட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் சவேத்தா அக்காவின் தோட்டம் – இரண்டிலும் காயம் படாத ஒரு ஆப்பிள்கூட இல்லை. எல்லாவற்றிலும் பழுப்புக் குழிகள், அம்மை வந்த முகம் மாதிரி.

அக்டோபர் 1, செவ்வாய்

இரவு உணவின்போது அப்பாவிடம் கேட்டேன். மக்காச்சோளக் களியைக் கிண்டியபடியே சொன்னார்: "இருக்கறத வைப்போம். நல்ல வருஷம் குடுத்ததும் அவருதான். இந்த வருஷத்துலயும் நம்ம கைய விடல. ரெண்டுக்கும் சேத்து இதுவே நன்றியா மேஜைல இருக்கட்டும்."

"பழுதானதைப் பலியா கொண்டுவரக் கூடாதுன்னு வேதத்துல இருக்கேப்பா?"

"நல்லத வீட்ல ஒளிச்சு வெச்சுட்டு சொத்தையக் குடுத்தவங்களுக்குச் சொன்னது அது. நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு?"

அம்மா சிரித்தாள். "பாஸ்டருக்குப் போட்டியா வீட்லயே ஒருத்தி வளர்றா."

நான் சிரிக்கவில்லை. அப்பா சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்களின் திராட்சைக்கும் பின்னல் ரொட்டிக்கும் நடுவில் அந்தக் குழி விழுந்த ஆப்பிள்கள்... அதைப் பார்த்து யார் கடவுளைப் புகழ்வார்கள்? எங்களைப் பார்த்துப் பரிதாபம்தானே படுவார்கள்?

அக்டோபர் 5, சனி

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

என் வகுப்புத் தோழி இலிங்காவின் தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு ஆலங்கட்டிகூட விழவில்லை. பள்ளிக்கூடத்தில் நேற்று ஆறு ஆப்பிள் கேட்டேன். இன்று காலை சைக்கிளில் கொண்டுவந்தாள். அவள் ஆர்த்தடாக்ஸ் சபைக்காரி, எங்கள் சபையைக் கிண்டல் செய்வதென்றால் அவளுக்குப் பேரிக்காய் தின்பது மாதிரி.

"ஏண்டி, உங்க ஆண்டவர் தோலைப் பாத்துத்தான் தின்பாரா?"

"சும்மா குடுடி."

மாலையில் மேஜை அடுக்கும்போது, அப்பா தந்த ஆறு ஆப்பிள்களை என் பையில் போட்டுக்கொண்டேன். இலிங்காவின் ஆப்பிள்களைத் துடைத்துக் கூடையில் வைத்தேன். எங்கள் வீட்டுப்பெயர் அட்டையை அதில் சொருகினேன். கடவுளுக்கு நல்லதைக் கொடுக்கத்தானே? வேறெதற்கு?

அக்டோபர் 6, ஞாயிறு

பாஸ்டர் எரேமியா பிரசங்கத்தின் நடுவில் இறங்கி மேஜைக்கு வந்தார். கூடை கூடையாகப் பார்த்தவர் எங்களுடையதில் நின்றார். அட்டையைப் படித்தார். ஒரு ஆப்பிளைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க! ஆலங்கட்டி விழுந்த சரிவுல இருந்து! ஒரு கீறல் இல்ல! சுத்தி எல்லாம் விழுந்தபோதும் இந்த மரத்தை ஆண்டவர் தம்முடைய கைக்குள்ள வெச்சுக்கிட்டார்!"

ஆமென், ஆமென் என்று சபை முழுக்கச் சத்தம். பெண்கள் பக்கம் இரண்டு பேர் அழுதார்கள். பித்தளை வாத்தியக் குழு யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தது. அந்தக் குழுவில் பெரிய கொம்பு ஊதுகிற என் அப்பா மட்டும் ஊதவில்லை.

"சகோதரர் ட்ரையான், எழுந்து சாட்சி சொல்லுங்க!"

அப்பா எழுந்தார். ஆப்பிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆண்டவர் நல்லவர்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முன்வரிசையில் சவேத்தா அக்கா. கணவர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. தனியாகத் தோட்டம் பார்க்கிறாள். அவள் ஆமென் சொல்லவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 7, திங்கள்

அப்பா எதுவும் கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 9, புதன்

இன்று ஜெபக் கூட்டம். சவேத்தா அக்கா வரவில்லை. திரும்பி வரும் வழியில் அவள் வேலிக்குள் நின்றாள். அம்மா "சமாதானம், சவேத்தா" என்று எங்கள் சபை வணக்கம் சொன்னதற்குப் பதில் சமாதானம் வரவில்லை.

"ஒரே மழைதானே வியோரிகா? ஒரே வேலிதானே? உங்க மரத்துக்குக் கை வெச்சுக் காத்தவருக்கு என் மேல மட்டும் என்ன கோபம்?"

வீட்டுக்கு வந்ததும் உடைந்து அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகையில் பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அப்பாவுக்கு முன்பே தெரியும்.

"நீ பழத்த மாத்தி வெச்சே. நான் எழுந்து நின்னும் வாயத் தொறக்கல. இதுல யாரு பெரிய பொய்யன், சொல்லு பாப்போம்."

அம்மா குறுக்கிட்டாள். "நடந்தது நடந்துபோச்சு. எத்தன பேரு அழுது ஜெபிச்சாங்க! இப்பப் போய் அது பொய்னா அவங்க விசுவாசம் என்னத்துக்கு ஆகும்?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. பொய்யால் ஒரு சபையே கடவுளைப் புகழ்ந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் புகழ்ச்சியை நான் திருப்பி எடுத்ததாகாதா? அதே பொய்தான் சவேத்தா அக்காவை வேலிக்குள் நிறுத்தியும் வைத்திருக்கிறது. ஒரே ஆப்பிள் எப்படி இரண்டையும் செய்யும்?

அக்டோபர் 11, வெள்ளி

சவேத்தா அக்கா வீட்டு வாசல்வரை போனேன். சொல்லத்தான் போனேன். சத்தியமாக. வாயில் வந்தது: "ஞாயிறு சாயங்காலம் சாட்சிக் கூட்டத்துக்கு வாங்கக்கா."

"எதுக்கு? உங்க அதிசயத்த இன்னொரு தடவ கேக்கவா?"

"இல்லக்கா... வாங்களேன்."

கதவைச் சாத்திவிட்டாள். கோழை நான்.

அக்டோபர் 13, ஞாயிறு

சாயங்காலக் கூட்டத்தில் சவேத்தா அக்கா கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில், தலைத்துணியைக்கூடத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று தெரியவில்லை. ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் நானும் எழுந்தேன். எழுதி வைத்திருந்த காகிதம் கைக்குள்ளேயே ஈரமாகிப் படிக்க முடியவில்லை.

"அந்த ஆப்பிள் எங்களோடது இல்ல. நான் மாத்தி வெச்சேன். எங்க மரத்துல ஒண்ணுமே தப்பல. சவேத்தா அக்கா வீட்டுல மாதிரியேதான்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அம்மா குனிந்துகொண்டாள். ஆண்கள் பக்கம் அப்பா எழுந்தார். "பாத்ததுமே எனக்குத் தெரியும். நான் சொல்லல. என்னையும் மன்னிச்சிருங்க."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "நானும் விசாரிக்காமப் பேசிட்டேன்" என்றார்.

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம். அழுகை என்று நினைத்தேன். சவேத்தா அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "ஒண்ணுமே தப்பலையா? ஒண்ணுகூடவா?" என்று சபை நடுவில் கேட்டாள். "ஒண்ணுகூட இல்ல சவேத்தா" என்றார் அப்பா. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்றாள் அவள்.

இப்படி ஒரு நன்றியை யாராவது கேட்டிருப்பார்களா? இது சரியான ஸ்தோத்திரம்தானா? பாஸ்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு அவள் எங்கள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். அடிபட்ட பழத்தை ஜாமுக்குக் காய்ச்சினால் எத்தனை மணி நேரம் கிண்ட வேண்டும் என்று அம்மாவும் அவளும் சண்டை போட்டார்கள். அவளிடம் பெரிய செப்புக் கொப்பரை இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை இரண்டு வீட்டுப் பழத்தையும் சேர்த்தே காய்ச்சலாம் என்றாள். "மூட்டை தூக்க இந்தப் பொய்க்காரிய அனுப்பு" என்று என் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

நாங்கள் எழுந்திருக்கவில்லை. சபைக் காவல்காரர் இரண்டு முறை இருமிப் பார்த்தார். பிறகு முன்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்துவிட்டார்.