மெதுவாக இறங்க வேண்டிய மஞ்சள் மருந்து

ஆகஸ்ட் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டார்கள், கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனந்த் அண்ணனின் காய்ச்சலுக்குக் காரணம் நுரையீரலில் பூஞ்சையாம், அதற்கு மருந்து இருக்கிறதாம், நாளைக்கே ஆரம்பிக்கிறார்களாம்!!!

காலையிலிருந்து தூறல். பிரேசர் டவுனிலிருந்து ஆஸ்பத்திரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. குடை எங்கேயோ விட்டாச்சு.

சந்தோஷத்தில் வார்டு வாசலிலேயே கை தட்டிவிட்டேன். அம்மா முறைத்தாள்.

"நுரையீரல்ல பூஞ்சைன்னு சொல்றாங்க, குதிக்கிறா பாரு. லூசாடி நீ?"

"காரணமே தெரியாம இருந்ததுக்கு இது மேல் இல்லையாம்மா?"

அம்மா டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒன்பது நாளில் முதல் முறை.

ரத்தப் புற்றுநோய்க்கு முதல் ரவுண்டு கீமோ முடிந்து மூன்றாவது வாரம். வெள்ளை அணு கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் பூஞ்சைக்கு இடம் கிடைத்திருக்கிறது. பூஞ்சை போனால்தான் அடுத்த கீமோ. அடுத்த கீமோ நடந்தால்தான் அண்ணன். அவ்வளவுதான் கணக்கு.

மருந்தின் பெயர் ஆம்போடெரிசின். பஸ்ஸிலேயே ஆறு வீடியோ பார்த்துவிட்டேன். குளிர், நடுக்கம், காய்ச்சல் வரலாமாம். வேகமாக ஏற்றக்கூடாதாம்.

கொண்டு போக: கம்பளி, சார்ஜர், மாஸ்க், போன் ஸ்டாண்டு, அண்ணனின் கிளவுஸ் (துவைத்து, வெயில் இல்லாவிட்டால் இஸ்திரி).

கிளவுஸ் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்! எங்கள் தெரு ஃபுட்பால் டீம், நாலாம் சந்து எஃப்சி, முதல் முறையாக ஃபைனலில்! கீப்பர் ஆனந்த் இல்லாமல்! மேட்ச் ஆடாத நாளிலும் கிளவுஸ் மாட்டிக்கொண்டுதான் அண்ணன் மேட்ச் பார்ப்பான். மாட்டாத அன்றெல்லாம் டீம் தோற்றிருக்கிறது. இது நம்பிக்கை இல்லை, சரித்திரம். ரசிகர் பக்கத்தின் அட்மின் நான், எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8, சனி

இன்று டெஸ்ட் டோஸ். கொஞ்சூண்டு. ஒன்றும் ஆகவில்லை.

மருந்து என்ன மஞ்சள்! சாயங்காலம் மழை விட்டதும் சர்ச் சுவரில் அடிக்குமே வெயில், அந்த மஞ்சள். வெளிச்சம் படக்கூடாது என்று சாவித்திரி சிஸ்டர் பாட்டிலுக்குக் கருப்பு உறை போட்டுவிட்டார். ஆனாலும் கீழே குழாயில் தெரியும். ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டே இருந்தால் வார்டு சத்தம் எல்லாம் தண்ணிக்குள் இருந்து கேட்பது மாதிரி ஆகிவிடுகிறது.

நினைத்துப் பார்த்தேன்: அண்ணன் நுரையீரலுக்குள் ஒரு மைதானம். கோல் போஸ்ட் பின்னால் பாசி பிடித்த சுவர். மஞ்சள் ஃப்ளட்லைட் ஒவ்வொன்றாக எரிகிறது.

சிஸ்டர் என் முகத்துக்கு முன் விரலைச் சொடுக்கினார். அவர் பேசுவது கன்னடம் கலந்த தமிழ்: கனசு என்றால் கனவு, முட்டுவது என்றால் தொடுவது.

"ஏனம்மா, கனசா? கேளு. நாளைக்கு ஃபுல் டோஸ். அஞ்சு மணி நேரம். இந்த உருளை இருக்குல்ல, சொட்டு கூட்டறது குறைக்கறது, இதை யாரும் முட்டக்கூடாது. நீயும்தான்."

"நான் வீடியோ பார்த்திருக்கேன் சிஸ்டர். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுன்னு கணக்குப் போடத் தெரியும்."

"கணக்கு நான் போட்டுக்கறேன். நீ கதை சொல்லு அவனுக்கு."

பக்கத்துப் படுக்கை பாஷா அங்கிளுக்கு ஒரே சிரிப்பு. அவருக்கும் இதே மருந்து போன மாதம் ஏறியிருக்கிறது.

"அரே, எனக்கு மொத நாள் டான்ஸ் ஆட வெச்சுது இது. பெட்டோட சேந்து ஆடினேன். மூணாவது நாள் பழகிடுச்சு. உங்க அண்ணன் கோல்கீப்பர்தானே, தாங்குவான்."

ஆகஸ்ட் 10, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்றும் எழுத முடியுமா தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு. பிளட் ரிப்போர்ட் வர லேட். டிரிப் ஆரம்பித்தபோதே பன்னிரண்டு. அஞ்சு மணி நேரம் என்றால் அஞ்சு. மேட்ச் மூன்றரைக்கு. டிரிப் இடது கையில். குழாயோடு கிளவுஸ் மாட்ட முடியாது.

அம்மா கேன்டீனுக்குப் போயிருந்தாள். அண்ணன் குழாயைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"மேட்ச்சுக்குள்ள முடியாது இல்ல பாப்பா?"

அவ்வளவுதான் கேட்டான். உருளையைத் திருப்பச் சொல்லவே இல்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான்.

நான்தான் திருப்பினேன். உருளையைக் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். சொட்டெல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. அழகாக இருந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். மூன்று மணிக்கு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கிளவுஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம். அண்ணன் "பாப்பா, ஃபேன் நிறுத்து" என்றான். ஃபேனே ஓடவில்லை. அப்புறம் பல் அடித்துக்கொண்டது. அப்புறம் தோள், அப்புறம் முழு உடம்பு. உதடு நீலம். கட்டில் சக்கரம் தரையில் கடகடவென்று. கம்பளி இரண்டு போட்டும் பாஷா அங்கிள் தன்னுடையதையும் தூக்கிப் போட்டும் நிற்கவில்லை.

"சிஸ்டர்! சிஸ்டர்!" அங்கிள்தான் கத்தினார்.

சிஸ்டர் ஓடி வருவதற்குள் நான் உருளையைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டேன். இதையும் எழுத வேண்டும். திருப்பி வைத்துவிட்டேன்.

டிரிப்பை மூடினார். ஆக்ஸிஜன். ஊசி ஒன்று, அப்புறம் இன்னொன்று. காய்ச்சல் நூற்றிமூன்று. நடுக்கம் அரை மணி நேரம். என் வாழ்க்கையிலேயே பெரிய அரை மணி நேரம். அதன் பிறகு அண்ணன் வியர்த்துப் போய்த் தூங்கினான்.

மூன்றரைக்கு ஸ்டாண்டில் மாட்டிய போனில் மேட்ச் தானாக ஆரம்பித்தது. சிவப்பு ஜெர்சியில் பசங்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். சத்தம் வைக்கவில்லை. பெரிய மழை. பாதியில் நிறுத்திவிட்டார்கள். பதினைந்தாம் தேதி, கொடியேற்றம் முடிந்து, திரும்ப முதலிலிருந்து ஆடுவார்களாம். இன்னொரு வாய்ப்பு என்று ரசிகர் குரூப்பில் எல்லாரும் கொண்டாட்டம். நான் ஒரு இதயம் கூடப் போடவில்லை.

சாயங்காலம் அண்ணன் கண் விழித்துச் சொன்ன முதல் வார்த்தை:

"அந்த மஞ்சள் இனிமே வேணாம்."

"அப்படிச் சொல்லாதடா," அம்மா.

"நீ ஆடினியாம்மா? நான் ஆடினேன். எலும்பெல்லாம் கழண்டு போச்சு. செத்தாலும் பரவால்ல, அது வேணாம்."

அம்மா லிஃப்ட் பக்கம் போய் நின்று அழுதாள்.

இன்று காலை டாக்டர் மேடம் ரவுண்ட்ஸ். மெதுவாக விட்டும் இவ்வளவு ரியாக்ஷன் என்றால் இந்த மருந்து இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். இந்தப் பூஞ்சையை அடிக்க இவன் நிலைமைக்கு இதுதான் சரியான மருந்து, மாற்றினால் அந்த அளவுக்குக் கேட்குமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

மெதுவாக விட்டும்.

மெதுவாக விட்டும் என்று எழுதினால் அண்ணன் ஃபைலில் அது உண்மையாகிவிடும்.

சாவித்திரி சிஸ்டர் மருந்து அறையில் டிரே துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன்.

"சிஸ்டர், நான்தான் திருப்பினேன்."

"எதை?"

"உருளையை."

துணியைக் கீழே வைத்தார். கன்னடத்தில் ஏதோ சொன்னார், எனக்கில்லை, சுவருக்கு. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து நேராக டாக்டர் மேடத்திடம். கை விடவே இல்லை. வலித்தது. வலிக்கட்டும்.

மேடம் கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்தார்.

"எத்தனை மணிக்குத் திருப்பின? சொட்டு எவ்ளோ இருந்துச்சு, எவ்ளோ ஆக்கின?"

சொன்னேன். எல்லாம் மனப்பாடம். எழுதிக்கொண்டார்.

"எதுக்கும்மா பண்ணின?"

"கிளவுஸ் மாட்டறதுக்கு."

பேனா நின்றது. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஃபைனல், டீம், இடது கை. சிரிக்கவில்லை அவர்.

"பாரு. மெதுவா விட்டாலும் இந்த மருந்துக்குக் குளிர் நடுக்கம் வரலாம். எல்லாம் உன்னாலன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வேகமும் சேந்தா இப்படித்தான், ஹார்ட்டுக்கே ஆபத்து. நீ சொல்லாம இருந்திருந்தா இந்த மருந்தையே மூடியிருப்பேன். இப்ப இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம். முன்னாடியே ஊசி போட்டு, இன்னும் மெதுவா. ஆனா அவன் சரின்னு சொல்லணும். அவன்கிட்ட யாரு சொல்லப் போறா?"

நான்.

மத்தியானம். அண்ணன் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தான். சொன்னேன். ஒரே மூச்சில்.

வெளியே பஸ் ஹாரன். பாஷா அங்கிள் தூங்குவது போல நடித்தார், குறட்டை கூட விட்டார்.

"ஏன்டி?"

"நீ கிளவுஸ் போடணும்னு."

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகெலும்பு சட்டைக்கு மேலே ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எண்ணினேன். வேறென்ன செய்ய.

அப்புறம் சுவரைப் பார்த்தே:

"அப்ப அது மருந்தோட வேலை இல்லையா?"

"பாதி மருந்து. பாதி நான்."

"உன் பாதி வராதுன்னா, அதோட பாதியை நான் பிடிப்பேனா?"

"தெரியலண்ணா. வரலாம், வராமலும் போகலாம்னாங்க."

"பெனால்டி மாதிரி."

"ஆமா."

"நீ அந்த ஸ்டாண்டு பக்கம் வந்தே, காலை உடைப்பேன்."

சரி என்றுதான் அர்த்தம்!!! சரி என்றுதான் அர்த்தம்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை.

உருளை மேல் சிஸ்டர் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். அதில் நீல பேனாவால் 'தொடாதே', கன்னடம், தமிழ், இங்கிலீஷ். பாஷா அங்கிளுக்கு வருத்தம்.

"உருதுல எழுதலியே சிஸ்டர், நான் முட்டலாமா அப்போ?"

"முட்டு. உன் பெட்டை வராண்டாவுல போடறேன்."

முதலில் பாராசிட்டமால், அலர்ஜி ஊசி. அரை மணி கழித்து மஞ்சள். ஆறு மணி நேரம். என் நாற்காலி கதவோரம், ஸ்டாண்டிலிருந்து எட்டடி. அம்மா கட்டில் பக்கம் காவல்.

அங்கிருந்து சொட்டு தெரியாது. கண்ணை மூடினால் தெரிந்தது. அண்ணன் டைவ் அடிக்கிறான். ரொம்ப மெதுவாக. பந்து வருகிறது, அதுவும் ரொம்ப மெதுவாக, மஞ்சளாக. ஆறு மணி நேரம் அண்ணன் காற்றிலேயே இருக்கிறான், கீழே விழவே இல்லை. மைதானத்தில் யாரும் மூச்சு விடவில்லை.

இரண்டாவது மணியில் "குளிருது" என்றான். நான் எழுந்து நின்றுவிட்டேன். சிஸ்டர் வந்து கையை வைத்துப் பார்த்தார். தோள் மட்டும் நடுங்கியது. ஒரு கம்பளி. பத்து நிமிடம். காய்ச்சல் நூறு. நின்றுவிட்டது.

நின்றுவிட்டது!

முழு பாட்டிலும் உள்ளே.

முடிந்ததும் அண்ணன் வலது கையை நீட்டினான். நான் புரியாமல் பார்த்தேன்.

"இதுல ஊசி இல்லியே. ஒண்ணு மாட்டலாம்ல, லூசு."

அதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை கணக்குப் போட்டவள். ஒரு கை.

ஆகஸ்ட் 13, வியாழன்

மூன்றாவது டோஸ். சின்ன நடுக்கம் கூட இல்லை. பாஷா அங்கிள் சொன்னது சரி. பொட்டாசியம் குறைந்திருக்கிறதாம், மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். கிட்னி ரிப்போர்ட் பரவாயில்லை. பூஞ்சை குறைந்ததா என்று ஸ்கேன் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அம்மா பாதி இட்லி அண்ணனுக்கு, மீதி தனக்கு.

பதினைந்தாம் தேதியும் டிரிப் ஓடும், மேட்ச் முடிந்த பிறகும் ஓடும். ஓடட்டும்.

குரூப்பில் போட எழுதி வைத்தது, நாளை காலை போடணும்:

நாலாம் சந்து மக்களே! சனிக்கிழமை ஃபைனல். கீப்பர் ஆனந்த் ஆஸ்பத்திரியிலிருந்து பார்ப்பார். யாரும் வார்டுக்கு வராதீங்க, அவருக்கு இன்ஃபெக்ஷன் ஆகக்கூடாது. அவர் இடது கையில மருந்து மெதுவா ஏறும், அதை யாரும் அவசரப்படுத்தக்கூடாது. அதனால வலது கையில மட்டும் கிளவுஸ். நீங்களும் அப்படியே! கிளவுஸ் இல்லாதவங்க சாக்ஸ் போடுங்க, அதுவும் இல்லாதவங்க அம்மாவோட கரித்துணி. வலது கையைத் தூக்கி ஒரு போட்டோ, மூன்றரைக்குள்ள அனுப்புங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. இடது கை சும்மா இருக்கணும்.