வெளிச்சீமைத் தங்கம்

கோலார் தங்க வயல்
1902 பிப்ரவரி 6

பிரியமுள்ள ஞானசுந்தரிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். கடைசியில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைனில் எனக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். வீடென்றால் மூங்கில் தட்டிதான், உன் அண்ணன் தும்மினால் சாய்ந்துவிடும். ஆனாலும் நமக்கென்று ஒரு வாசல். கல்யாணமாகிப் பதினோரு வருஷமும் லீவுக்கு வந்துபோகிற புருஷனாக இருந்தது போதும். பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு ஈஸ்டருக்குள் வந்துவிடு.

ஒரு சங்கதி. சுரங்கத்தில் தங்கம் திருட்டுப் போகிறதென்று எல்லையைச் சுற்றிக் காவல் போட்டிருக்கிறார்கள். வெளிச்சீமை ஆட்கள், அதாவது நம் ஆற்காட்டு ஜனங்கள், கேட்டில் சோதனை முடிந்துதான் உள்ளே வரலாம். எல்லைக்குள் நம்மவரிடம் பொட்டுத் தங்கம் இருந்தாலும் அது திருட்டு; இல்லையென்று நாம்தான் ருசுப்படுத்த வேண்டும். கேட்டில் உட்கார்ந்து தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதுவது இப்போது என் உத்தியோகம். என் வீட்டுக்கு மட்டும் விலக்குக் கேட்டால் துரை என்னையே சந்தேகப்படுவார்.

ஆகையால் தாலியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வா. கோபித்துக்கொள்ளாதே.

உன் அன்புள்ள,
ஏனோக்

குடியாத்தம்
1902 பிப்ரவரி 15

என் வீட்டுக்காரருக்கு நமஸ்காரம்.

வீடு கிடைத்த சேதி கேட்டு அம்மா ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதற்குள் அடுத்த பத்தி வந்துவிட்டது. தாலியைக் கழற்றிவிட்டு வா என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? நீங்கள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் ஏன் கழற்ற வேண்டும்? எவனோ திருடினால் என் கழுத்தையா தடவுவது? நல்ல நியாயம்!

நம் தெரு மங்கம்மாவும் புருஷன் தசரதனிடம் அங்கே வருகிறாள். தாலி செய்த தட்டானிடமே சீட்டு எழுதி வாங்கிக்கொண்டாள். அவளை நல்லபடியாக உள்ளே விட்டால் நானும் அப்படியே சீட்டோடு வருகிறேன். உங்களுக்குப் பிடித்த எள்ளுருண்டையும் கொண்டுவருவேன். அதையும் இங்கிலீஷில் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கள்,
ஞானசுந்தரி

கோலார் தங்க வயல்
1902 மார்ச் 3

பிரியமுள்ள ஞானசுந்தரிக்கு,

வராதே. மங்கம்மாவைக் கேட்டில் பிடித்துவிட்டார்கள்.

சீட்டைக் காட்டினாள். தட்டான் எழுத்தை யார் நம்புவது என்றார் துரை. தசரதன் ஓடிவந்து, "நான் கட்டினதுங்க" என்று அழுதான். சுரங்கத்தில் இறங்குகிறவன் சொல் செல்லாதாம். அவள் என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, தாலி கட்டிக்கினது ஒரு குத்தமா? நீயாவது சொல்லேன்" என்றாள். "திருப்தியான பதில் இல்லை" என்று எழுதச் சொன்னார் துரை. எழுதினேன். கீழே சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

நானும் வெளிச்சீமை ஆள்தானே. இங்கே இருக்கவிடும் என் பாஸும் அவர்கள் கையில். வழக்கு இருபத்தைந்தாம் தேதி. அது முடியட்டும், பார்க்கலாம்.

ஏனோக்

குடியாத்தம்
1902 மார்ச் 12

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

மங்கம்மாவின் தாய் தன் கம்மலைக் கொடுத்து அந்தத் தாலியைச் செய்யச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். தட்டான் உருக்கியதையும் பார்த்தேன். கோர்ட்டில் அதைச் சொல்ல வருகிறேன். முந்தின நாளே ரயிலேறுவேன். கழுத்தில் தாலி இருக்கும்.

உங்களை நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டில், இவள் என் பெண்சாதி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். குமாஸ்தா சொல்லை நம்புவார்கள். அது போதும் எனக்கு.

ஞானசுந்தரி

கோலார் தங்க வயல்
1902 ஏப்ரல் 9

ஞானசுந்தரிக்கு,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கேட்டில் உன் பெயரைக் கேட்டேன். சொன்னாய். தகப்பன் பெயர் கேட்டேன். சொன்னாய். புருஷன் பெயர் கேட்டபோது என் முகத்தைப் பார்த்து, "ஏனோக்" என்றாய். பதினோரு வருஷத்தில் உன் வாயால் அதை நான் கேட்டதில்லை. துரை திரும்பி, "உன் பெயராயிற்றே?" என்றார். கிறிஸ்தவர்களில் அந்தப் பெயர் நிறையப் பேருக்கு உண்டு ஐயா என்றேன்.

நீ தாலியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாய். எனக்கு அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை. கழற்றி ஒப்படைத்தால் வழக்கில்லை; நம்பர் போட்டு ரசீது எழுதிக் கொடுத்தேன்.

கோர்ட்டில் நீ சொன்னதை இங்கிலீஷில் சொன்னவனும் நான்தான். ஒரு சொல் விடவில்லை. மங்கம்மாவை விடுதலை செய்தார்கள். மறுநாளே கம்பெனி தசரதன் பாஸைப் பிடுங்கிக்கொண்டது. உங்கள் மூவரையும் ரயிலில் ஏற்றிவிட்டதாகக் காவல்காரன் சொன்னான்.

உன் தாலி திரும்ப வர, பதினைந்து நாளைக்குள் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தைத் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். போட்டால் துரையிடம் பொய் சொன்னது தெரிந்துவிடும். பாஸ் போகும், வீடும் போகும். நேற்றோடு கெடு முடிந்தது. சாயங்காலம், உருக்க வேண்டிய நகைகளுக்கு ஜாபிதா கேட்டார் துரை. பட்டியலில் உன்னுடையது ஏழாவது. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஏனோக்