நாலு பேருக்கு ஒரே குழாய்

ஜூன் 3
காலையிலேயே எரிச்சல். கொரோனாவால் லேபுக்குள் இனி வெளியாள் யாரும் வரக்கூடாதாம். ரத்தம் எடுக்கும் இடத்தைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள். கண்ணாடியில் இரண்டு துளை, அதில் பொருத்திய நீளக் கையுறை. வெளியே நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு ஆள். நான் பக்கத்தில் நின்று குழாயில் பெயர் ஒட்டி, பெட்டியில் அடுக்கி, உள்ளே ஓட வேண்டும். காலேஜை விட்டவளுக்கு அக்கா பிடித்துக் கொடுத்த வேலை. ஓடுவது மட்டும் பிடித்திருக்கிறது.

உள்ளே ஒரு கையுறை, அதன்மேல் இந்தத் தடிக் கையுறை. அக்காவுக்கு நரம்பே தட்டுப்படவில்லை. மூன்றாவது குத்தில் ஒரு தாத்தா, "ஏம்மா, கிணறு வெட்டுறியா?" என்றார்.

ஜூன் 6
கொரோனா சோதனைக் கிட் தட்டுப்பாடு. அதனால் நாலு பேருக்கு மூக்கில் எடுத்ததைக் கலந்து ஒரே குழாயில் சோதிக்கிறார்கள். இல்லை என்று வந்தால் நாலு பேருக்கும் இல்லை. இருக்கு என்றால் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்க வேண்டும். வேலை செய்கிற எங்களுக்கும் இப்படித்தான். என் கூட்டு: அக்கா, வாட்ச்மேன், வேன் டிரைவர். வாய் ஓயாததால் டிரைவருக்கு ஹாரன் என்று பெயர்.

ஜூன் 7
வீட்டில் மூச்சு முட்டுகிறது. அம்மாவின் இருமல், குண்டனின் அழுகை. குண்டன் அக்கா மகன், ஆறு மாத மகாராஜா, தாய்ப்பால் தவிர எதையும் தொட மாட்டான். சாயங்காலம் தோழி வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். மாஸ்க் பாக்கெட்டில். அக்காவிடம் கடைக்கு என்றேன்.

ஜூன் 10
எங்கள் குழாயில் இருக்கு.

யாருக்கு என்று தெரியாது. தனித்தனியாகப் பார்க்கக் கிட் நாளைக்குத்தான் வரும். அதுவரை வீட்டுக்குப் போகக்கூடாது. மாடியில் சாமான் அறை, மூலைக்கு ஒரு நாற்காலி.

"யாருன்னு சொல்லிடுங்கப்பா, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றான் ஹாரன்.

"நீ பேசுற பேச்சுக்கு உன் வாயிலதான் குடியிருக்கும்" என்றார் வாட்ச்மேன்.

அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும்.

"அன்னிக்குச் சாயங்காலம் எங்கடி போன?"

"கடைக்கு."

"எந்தக் கடை?"

சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் கேட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். அம்மா போன் பண்ணினாள்: குண்டன் புட்டிப்பாலைத் துப்புகிறான், கத்துகிறான். அந்தச் சத்தம் போனில் கேட்டதும் பால் சுரந்து அக்காவின் சட்டை முன்பக்கம் நனைந்தது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள்.

நான்தான். வேற யாரு? என்னையே திட்டிக்கொள்கிறேன்: ஒரு இடத்துல இருக்க முடியாதா உனக்கு? என்னத்துக்குடி போன? அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா—

ஜூன் 11
நான் இல்லை.

முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் என்ன. அப்புறம்தான் யார் என்று கேட்டேன்.

அக்கா.

கதவைக்கூட முழங்கையால் திறப்பவள். எங்கிருந்து தொற்றியதோ, யாருக்கும் தெரியவில்லை. அக்கா டாக்டரிடம் "குழந்தை?" என்று மட்டும் கேட்டாள்.

"மாஸ்க் போட்டு, கையைக் கழுவிட்டு நீங்களே பால் குடுக்கலாம்மா. மத்த நேரம் வேற யாராவது வச்சுக்கட்டும்."

அம்மாவுக்கு ஆஸ்துமா. குண்டனைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அக்கா என்னைப் பார்த்தாள். "இவளா?"

"வேற ஆள் இருந்தா கூப்பிடு" என்றேன்.

ஜூன் 13
அக்கா இப்போது வீட்டில் தனி அறையில். அவள் மாஸ்க் போட்ட முகத்தைப் பார்த்துக் குண்டன் வீறிடுகிறான். பசி ஜெயித்தபின் குடிக்கிறான். குடித்ததும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். கதவு சாத்தும்போது அக்கா முகத்தைப் பார்ப்பதில்லை.

ஜூன் 15
நேற்று குண்டனுக்கும் அம்மாவுக்கும் சோதனை எடுத்தார்கள். எடுத்தவரின் கண்ணாடியை உதைத்துத் தள்ளினான். இன்னும் ரிசல்ட் வரவில்லை. லேபுக்குப் போன் மேல் போன். ஹாரன் எடுத்து, "வந்தா நானே கத்துறேன், போனை வை தாயே" என்றான்.

ஜூன் 16
ஹாரன் கத்தினான். இரண்டு பேருக்கும் இல்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

"தூங்கிட்டானா?" உள்ளிருந்து அக்கா.

"இப்பதான்."

"கீழ போட்டியா?"

"மடியில. எடுத்தா முழிச்சிக்குவான். என் கால் செத்தே போச்சு."



"நீ ஒரே இடத்துல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லடி."

"இப்பவும் பார்க்க வேணாம். கதவைத் திறக்காத."