கெண்டைக்கறியும் ஜாடைப் பேச்சும்

ஜனவரி 12, ஞாயிறு

எல்மி மேல்படிப்புக்குப் பாண்டுங் போய் இன்றோடு ஆறு நாள். வீட்டில் மாமியாரும் நானும் ஒரு பூனையும்.

கல்யாணமாகி ஒன்பது வருடமாக இதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் நடுவில் எல்மி இல்லாமல் நானும் மாமியாரும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்து எழுதினாலும் இந்த நோட்டில் ஒரு பக்கம் தேறாது. வீட்டுக்கு வந்த மருமகனிடம் நேராகப் பேசுவது எங்கள் மேற்குச் சுமத்ராவின் மினாங் மரியாதைக்கு ஆகாது. எல்லாமே ஜாடைதான். 'குடை எடுத்துக்கொண்டு போங்கள்' என்று சொல்ல மாட்டார். "மேகத்துல சாகோ மலையைக் காணோமே" என்று ஜன்னலிடம் சொல்வார். நான் குடையை எடுத்துக்கொள்வேன்.

இன்று பாயாகும்பு சந்தைக்குப் போய் நல்ல மாட்டுத் தொடைக்கறியாகப் பார்த்து வாங்கி, சமையலறை வாசலில் வைத்தேன். உள்ளே போகவில்லை. மருமகன் என்பவன் விருந்தாளி, அவனுக்கு அடுப்படியில் என்ன வேலை? மதியம் தட்டு வந்தது. கறியில் பெரும் பங்கு என் தட்டில். அவர் வழக்கம்போல் பின்கட்டில் தனியாகச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று தெரியவில்லை.

ஜனவரி 15

எல்மி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"வீடியோவுல பார்த்தேன். அம்மா கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கு. சாப்பிடுறாங்களா இல்லையா?"

"சாப்பிடுறாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? ஒரே கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு நினைக்கிறீங்களா?"

பிறகு சொன்னாள், "அவங்க இப்படியே இளைச்சாங்கன்னா படிப்பை விட்டுட்டு வந்துடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். பேறுகாலச் செவிலியாகப் பதினான்கு வருடம் ஓடியவள். இந்த ஒரு வருடப் படிப்புக்கு நான்கு முறை மனுப் போட்டு ஐந்தாம் முறை இடம் கிடைத்தது. நடுவில் விட்டால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

மாமியாரை நான் எப்படிக் கேட்பது? 'சாப்பிடுகிறீர்களா' என்று மருமகன் கேட்டால், 'என் வீட்டில் எனக்குச் சோறில்லை என்கிறானா' என்று ஆகிவிடும்.

ஜனவரி 17

பூனை குண்டாகிவிட்டது. ஏன்?

ஜனவரி 18

காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் படியில் உட்கார்ந்து பூனையிடம், "உனக்கென்னம்மா ராணி, வாய் நிறையப் பல்லு. தின்னு, தின்னு" என்றார். நான் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

மூன்றாம் பாடவேளை. எட்டாம் வகுப்புக்கு நெம்புகோல். "நம்ம தாடையும் ஒரு நெம்புகோல்தான், பின் பல்லுல மெல்லும்போது—" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சாக்கட்டியோடு நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் பூனையிடமா சொன்னார்? அவர் பூனையிடம் பேசினால் அது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா!

சாயங்காலம் பின்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். பூனைத் தட்டில் மூன்று துண்டுக் கறி. மூன்றும் மென்று சாறு மட்டும் உறிஞ்சித் துப்பியவை. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய தொடைக்கறி! ஐயோ. எத்தனை மாதமாக இப்படி?

ஜனவரி 19, ஞாயிறு

கறிக்கடைக்காரன் ஜஸ்ரில், என்னோடு படித்தவன். "பல்லில்லாம தின்னக்கூடிய கறி எதுடா?" என்று கேட்டேன்.

"யாருக்குப் பல்லில்லை?"

"பூனைக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "பூனைக்குத் தொடைக்கறி எதுக்கு வாத்தியாரே? அது பார்க்கத்தான் அழகு. மாடு எதை வச்சு நாள் முழுக்க நடக்குதோ, அதை வாங்கு. கெண்டைக்கால், கழுத்து, தாடை. இப்ப கத்தியே இறங்காது, ஆனா கடைசியில கரையறது அதுதான். பொறுமை வேணும். உங்களுக்கெல்லாம் மணியடிச்சா எழுந்து போற பழக்கம்."

கெண்டைக்கறி சவ்வோடு ஒரு கிலோ வாங்கினேன். தொடைக்கறி விலையில் பாதிகூட ஆகவில்லை. மீன் குளத்தை ஒட்டி நான் வண்டி நிறுத்தும் கொட்டகை இருக்கிறதே, அங்கே சின்ன அடுப்பை வைத்து, தீயை நன்றாக ஏற்றி ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். வண்டியின் பின் டயரை வேகவைத்திருந்தாலும் இதைவிடப் பக்குவமாக வந்திருக்கும்.

ஜனவரி 22

பள்ளி ஆய்வகத்திலிருந்து வெப்பமானி கொண்டுவந்தேன். (நாளை திருப்பி வைக்க வேண்டும்.)

பானையில் கெண்டைக்கறி, ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே இரண்டு துண்டு தொடைக்கறி. குமிழி தளதளவென்று வரக்கூடாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்ப வேண்டும். தொண்ணூறு டிகிரியைத் தாண்ட விடவில்லை. முதல் மணி நேரம் இரண்டுமே கல். இரண்டாம் மணி நேரம் இன்னும் மோசம், விட்டுவிடலாமா என்று தோன்றியது. மூன்றரை மணி நேரத்தில், கரண்டியின் விளிம்பால் அழுத்தினேன், கெண்டைக்கறி தானாகப் பிரிந்தது! சவ்வு எல்லாம் கண்ணாடிபோல் தெளிந்து, உதட்டில் வைத்தால் ஒட்டுகிறது. தொடைக்கறியோ தேங்காய் நார். இளகுவதற்கு அதற்குள் சவ்வே இல்லையே, பாவம், எது இளகும்?

இத்தனை வருடம் பாடம் நடத்துகிறேன், இந்தப் பானைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் போயிற்றே.

இடித்த மிளகாய், அரத்தை, புளி, ஒரு மஞ்சள் இலை. தேங்காய்ப்பால் இல்லாத புளிக்காரக் குழம்பாக முடித்தேன். இனி இதை எப்படிக் கொடுப்பது? 'உங்கள் பல்லுக்காக' என்றா சொல்ல முடியும்? பானையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, பூனையைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல விருந்து. மிச்சமாயிடுச்சு, வீணாப் போயிடும்" என்றேன். எனக்கும் ஜாடை வருகிறது!

ஜனவரி 23

பூனைக்கு இன்று ஒன்றும் கிடைக்கவில்லை. என் காலையே சுற்றிச் சுற்றி வந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் வாரம் இரண்டு விருந்து நடக்கிறது. மாமியார் நம்புகிறாரா, நம்புவதுபோல் இருக்கிறாரா? கேட்க முடியாது.

ஒரே பானை மூன்று நாளைக்கு மூன்று விதமாகிறது. முதல் நாள் புளிக்குழம்பு. இரண்டாம் நாள் அதே கறியில் தேங்காய்ப்பால் விட்டுச் சுண்டவைத்தால் வேறு வீட்டுச் சமையல். மூன்றாம் நாள் மிஞ்சியதைக் கல்லில் தட்டி, லேசாக எண்ணெயில் புரட்டி, பச்சை மிளகாய் மேலே. கழுத்துக்கறிக்குக் கொழுப்பு அதிகம், சூப்புக்கு நல்லது. தாடைக்கறிதான் எல்லாவற்றிலும் மெது, ஏன்? மாடு ஓயாமல் அசை போடுவதாலா? அப்படியென்றால் நாக்கு? அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9

இன்று கழுவிய பானையைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு மாமியார் சொன்னார், "உப்புக் குறைச்சல்."

அவ்வளவுதான். பூனை அங்கே இல்லை. திரும்பிப் போய்விட்டார்.

என்ன அர்த்தம்? உப்பு என்றால் நன்றியா? இந்த வீட்டு உப்பைத் தின்றுவிட்டு ஏதாவது கடமை மறந்தேனா?

பிப்ரவரி 11

நேற்று மீன் குளத்தைச் சுத்தம் செய்தேன். இன்று ஒழுகிய கூரை ஓடுகளை மாற்றினேன். போன பெருநாளைக்கு எல்மியின் பெரிய மாமாவைப் போய்ப் பார்க்காதது நினைவுக்கு வந்து, அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் என்னதான் குறைச்சல்?

கடைசியில் எல்மியிடம் கேட்டுவிட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"உப்புக் குறைச்சல்னா உப்புக் குறைச்சல்தான்! கறியில உப்பு போட்டீங்களா?"

இன்று வைத்த கறியை எடுத்து ருசி பார்த்தேன். உப்பே இல்லை. முதலிலேயே போட்டால் கறி விறைக்குமோ என்று கடைசிக்குத் தள்ளி வைத்தவன், போடவே மறந்திருக்கிறேன்.

அப்படியானால் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். நான் அதை வளைத்து நெளித்துக் கூரைமேல் ஏற்றியிருக்கிறேன்.

எல்மி வைக்கும்போது சொன்னாள், "அம்மா கன்னம் இப்ப பரவாயில்லை. ஆனாலும் பெருநாளைக்கு வந்து நேர்ல பார்த்துட்டுத்தான் முடிவு."

பிப்ரவரி 27

மாடறுப்பு நாள். நாளை மறுநாள் நோன்பு. ஊர் மருமகன்கள் அத்தனை பேரும் மாமியார் வீட்டுக்குக் கறிப்பையை வண்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தெருவோடு போகும் நாள். எவன் பையில் என்ன கறி என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

ஜஸ்ரிலின் கடை முன்னால் நின்று யோசித்தேன். இந்த நாளில் தொடைக்கறி இல்லாமல் போகக்கூடாது, தெரியும். அவன்கூடச் சொன்னான், "இன்னிக்கு மட்டும் பூனையை மறந்துடு வாத்தியாரே." ஆனால் அவரால் மெல்ல முடியாத கறியைக் கொண்டுபோய் வைப்பது மரியாதையா? இரண்டு கிலோ கெண்டைக்கறியும் எலும்போடு கழுத்தும் வாங்கினேன்.

அடுத்த வீட்டு வாசலில் யுலினார் பெரியம்மா, மாமியாரின் அக்கா. பையைப் பார்த்தார். தெருவுக்கே கேட்கிற குரலில், "மாலின் நாய் வளர்க்க ஆரம்பிச்சுட்டாரோ? பன்றி வேட்டைக்குப் போறாப்பல இருக்கு!" என்றார்.

சுற்றி ஒரே சிரிப்பு. மாலின் என்பது கல்யாணத்தன்று இந்த வீட்டார் கூப்பிடுவதற்காக எனக்குக் கிடைத்த பட்டப்பெயர். அதை இப்படி ஒரு நாள் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார்.

பிப்ரவரி 28

கதவு இன்றும் சாத்தியே இருக்கிறது. உள்ளே தேங்காய்ப்பால் சுண்டும் வாசனை. என் சாப்பாடு முன்னறையில் மூடி வைத்திருந்தது, ஆள் இல்லை.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? அவங்க சோறு திங்கணும்னு பார்த்தேன், இப்ப அக்கா தங்கச்சி நடுவுல தலையெடுக்க முடியாம பண்ணிட்டேன். தொடைக்கறி ஒரு கிலோ சும்மா மேலாப்புல போட்டுக்கிட்டு வந்திருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? படிச்ச முட்டாள்.

எல்மியிடம் சொல்லவில்லை.

மார்ச் 1, முதல் நோன்பு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

அந்தி மஃரிப் பாங்கு கேட்டதும், பேரீச்சம்பழம் வாயில் போட்டு, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். யுலினார் பெரியம்மா ஒரு தட்டை மூடிக்கொண்டு வந்தார். ரெண்டாங், தேங்காய்ப்பாலில் வற்றச் சுண்டவைத்த கறி. மாமியார் முன்னால் வைத்து, "எங்க மருமகன் கொண்டுவந்த கறி. ஒரு நரம்பு இருக்காது. இந்த வீட்டுக்கு வேணுமேன்னு கொண்டுவந்தேன்" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

மாமியார் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார், மென்றார். பிறகு விரலால் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார். என் முன்னால். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, இங்க பாரு." வாயைத் திறந்தார். "பின் பல்லு மேல ரெண்டு, கீழ ஒண்ணுதான் மிச்சம். போன நோன்புலேருந்து இப்படித்தான். வெட்கமா இருந்துச்சு, என் மகளுக்கே சொல்லலை. மாலின் தானா கண்டுபிடிச்சாரு. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கலை, அடுப்பைப் பத்த வச்சாரு. மாடறுப்புக்குக் கெண்டைக்கறி வாங்கிட்டு வரச் சொன்னது நான். உனக்கு யாரையாவது கேலி பண்ணணும்னா என்னைப் பண்ணு."

நேராக. ஜாடை இல்லாமல், ஜன்னல் இல்லாமல், பூனை இல்லாமல்.

பெரியம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மாமியார் உள்ளே போய், இரண்டு நாளாகச் சாத்திய கதவுக்குள் செய்த தன் ரெண்டாங்கைக் கொண்டுவந்தார். கறுப்பாக, எண்ணெய் பிரிந்து. கெண்டைக்கறி. பெரியம்மா ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று எடுத்தார். அவருக்கும் பல் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கெண்டைக்கறி வாங்கிவரச் சொன்னதாக அவர் எனக்காகப் பொய் சொன்னாரா? இல்லை, என்றைக்காவது ஜன்னலிடம் சொல்லி நான்தான் கவனிக்கவில்லையா?

மார்ச் 13

யுலினார் பெரியம்மா வேலிப் பக்கம் நின்று கேட்டார், "எவ்வளவு நேரம் வேகணும்?" சொன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எல்மியை இன்று பாடாங் விமான நிலைய பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு வாரம் இருந்தாள். வந்த அன்றே தன் பழைய சுகாதார நிலையத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போய்த் தராசில் ஏற்றினாள். ஜனவரியில் அவள் கிளம்பும் முன் எடுத்த எடையைவிட இரண்டரை கிலோ கூடுதல். அப்படியும் முடிவு என்னவென்று சொல்லவில்லை. பல் கட்டுகிற மருத்துவரிடம் மே மாதத்துக்கு நாள் வாங்கினாள். வரும் வழியில் அம்மாவோடு ஒரே சண்டை, எனக்கு ஏன் சொல்லலை என்று.

நேற்று மத்தியானம் சமையலறையில் நானும் அம்மாவும் (மாமியார் என்று எழுத வரமாட்டேன் என்கிறது) மாட்டு நாக்கை வைத்துக்கொண்டு நின்றோம். தோலை வெந்தபின் உரிக்க வேண்டும் என்கிறேன் நான். பாதி வேக்காட்டிலேயே என்கிறார் அவர். "நீ வெப்பமானியைக் கட்டிக்கிட்டு அழு, கரண்டியை இப்படிக் கொடு!" என்று என் கையிலிருந்து பிடுங்கினார். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் எல்மி, வாயைப் பிளந்துகொண்டு.

"அம்மா, அவரையா நீன்னு சொன்னே?"

"பின்ன பூனையையா?"

ராத்திரி எல்மி பெட்டி கட்ட ஆரம்பித்தாள். புத்தகங்களை எல்லாம் திரும்ப உள்ளே வைத்தாள்.

பஸ் ஏறும்வரை, அம்மா சாப்பிடுகிறாளா என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று அம்மாவிடம் கேட்டாளாம்.

"அவனுக்கென்ன, நல்லாத் திங்கிறான்" என்றாராம்.