கோமாளி மீனும் ஏழு ஈரச் சட்டைகளும்

ஜூன் 14
ஆறு மீட்டர் ஆழம். நீர் 29.4 டிகிரி. தீவருகே கேமராவுக்கு பேட்டரி மாற்றினேன். கடல் சாமந்திக்குள் மூன்று கோமாளி மீன்கள் இருக்க வேண்டும், இரண்டுதான். பெரியவளைக் காணோம். என் மனைவி தெஸ்மி அவளுக்குத் தன் அம்மா பெயரையே வைத்திருந்தாள், யுஸ்னா என்று. இருவருமே வீட்டைவிட்டு நகராமல் எல்லாரையும் விரட்டுகிறவர்களாம்.

தெஸ்மி இறந்து நாற்பத்து நான்கு நாள்.

ஜூன் 15
பதிவைப் பார்த்தேன். விலாங்கு. இரண்டே நொடி.
தெஸ்மிக்கு மூன்று நாள் காய்ச்சல்.

ஜூன் 21
ஆண் மீன் இன்னும் அங்கேயே இருக்கிறது. எப்போது கிளம்பும்? படகோட்டி நஸ்ருலிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"பொண்டாட்டி போனா பெட்டியத் தூக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போக, அது என்ன நம்ம பரியாமான் மாப்பிள்ளையாடா?"

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான். பொரித்த அரிசிமாவுச் சாலா உருண்டைகள் நான்கைச் சுடச்சுடக் கையில் திணித்தான்.

இங்கே பரியாமானில் வீடு பெண்ணுடையது, கணவன் வந்து தங்குகிறவன். நூறாம் நாள் விருந்து முடிந்தால் நான் கிளம்ப வேண்டும். ஆகஸ்ட் 9.

ஜூலை 3
மருமகன் முன் வராத இங்குள்ள வழக்கப்படி, மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றே, "பகிந்தோ, தண்ணி பம்பு கத்துதுங்க" என்றார். நான்கு வருடமாக மருமகனுக்கான இந்தப் பட்டம்தான், பெயர் சொன்னதில்லை. போகிறவன் எதற்குப் பழுது பார்க்க வேண்டும்? பார்த்தேன். வாஷர் தேய்ந்திருந்தது.

ஜூலை 19
கடித்துவிட்டது அந்த ஆண் மீன்! ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை, என் கட்டைவிரலை! பெரியவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே கிடந்த பயந்தாங்கொள்ளி. இப்போது சின்னதை விரட்டுகிறது, நண்டை விரட்டுகிறது, என்னையும்.

"இனிமே அது அவன் இல்லடா, அவ," என்றான் நஸ்ருல். "பெரியவ போனா இவனே பெரியவளாயிடுவான். படிச்சவனுக்குத் தெரியாதா?"

தெரியும். தெஸ்மிக்கு நானே சொன்னதுதான். "அப்ப நான் போனா இந்த வீட்டுக்கு நீங்கதான் எஜமானியம்மாவா?" என்று கேட்டாளே — எப்படி மறந்தேன்? மறுபடி முங்கியபோது தண்ணீருக்குள் சிரித்துத் தொலைத்தேன். முகமூடிக்குள் ஒரே உப்பு.

மாமியாரிடம் விரலைக் காட்டினேன். "அடுத்தவங்க வீட்டுக்குள்ள கைய விட்டா, கடிக்காம கொஞ்சுமாங்க?" கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். அவரும்தான் எத்தனை நாள் கழித்து.

ஆகஸ்ட் 9
விருந்து முடிந்தது. பை தயார். வாசலருகே வைத்துவிட்டேன். ஏழு சட்டை.

ஆகஸ்ட் 10
காலையில் பை தட்டையாகக் கிடந்தது. ஏழு சட்டையும் வாளிக்குள், சோப்பு நுரையில்.

"அத்தை, அது துவைச்ச சட்டைங்க!"

"அழுக்கா இருந்துச்சு." கதவுக்கு முன்னால் வந்து நின்றார். "மழை வேற வரப்போவுது. ஈரச் சட்டையோட எவனாவது ஆத்தா வீட்டுக்குப் போவானா? உள்ள வாடா, சோறு ஆறுது."

வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

ஆகஸ்ட் 15
சட்டைகள் காய்ந்து ஐந்து நாள் ஆகிறது. கொடியிலிருந்து அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உடம்பில் இருக்கிற ஒன்றோடுதான் வேலைக்குப் போய்வருகிறேன். நஸ்ருல் மூக்கைப் பொத்திக்கொண்டு படகு ஓட்டுகிறான்.